கெட்டிக்காரப் பிள்ளை மற்றவையை மதிக்குதில்லை, 71 வந்தா உடைஞ்சு போகுது: உயர்தர வகுப்பில என்ன செய்யலாம்?

சனிக்கிழமை_வகுப்பு (வெள்ளவத்தை) – கேள்வி

எல்லாருக்கும் வணக்கம். உயர்தரம் கணிதப் பிரிவு, தமிழ் மொழிமூலம், 14 பேர் உள்ள மீட்டல் வகுப்பு. அதில ஒரு மாணவர் மற்ற எல்லாரையும் விட மேல. சாதாரண தரத்தில 9 ஏ. இணைந்த கணிதத்தில வழமையா 90க்குக் குறையிறதில்லை. படிப்பில ஒரு குறையும் சொல்ல ஏலாது.

ஆனா யாராவது பலகையில கணக்குச் செய்யேக்க பின்னால இருந்து "இதுகூடத் தெரியாதா" என்று சிரிப்பார். பக்கத்துப் பிள்ளை ஏதும் கேட்டா "மொக்குக் கேள்வி". படிப்பிக்கிறவர் ஒரு குறியை மாத்தி எழுதினா "சேர் பிழை" என்று வகுப்பு முழுக்கக் கேட்கச் சொல்லுவார். சொல்லுறது சரியாத்தான் இருக்கும், அதுதான் தலையிடி. குழுவாச் செய்யச் சொன்னா "இவங்களால என்ட நேரம் வீண்". கடைசித் தவணைச் சோதனையில 71 வந்திச்சு. விடைத்தாளைக் கசக்கிப் பையுக்குள்ள போட்டிட்டு, திருத்தினவருக்குத்தான் கணக்குத் தெரியாது என்றார். அதுக்குப் பிறகு இரண்டு வகுப்புக்கு ஆளே இல்லை. வீட்டுக்கு எடுத்தா "அவர் சின்னனில இருந்தே அப்பிடித்தான், மூளைசாலிப் பிள்ளையள் கொஞ்சம் அப்பிடித்தானே" என்கினம்.

இது திமிரா, வயசுக் கோளாறா, இல்லை உள்ளுக்க வேற ஏதுமா? வகுப்பில என்ன செய்யலாம், என்ன செய்யவே கூடாது? பெற்றாரிட்ட எப்பிடிக் கதைக்கிறது? புத்திமதி வேண்டாம், அதெல்லாம் ஏற்கனவே சொல்லியாச்சு. செய்யக்கூடியதாச் சொல்லுங்கோ.

---

உளவளத்துணை_பம்பலப்பிட்டி

மூன்று விஷயத்தைத் தனித்தனியா எடுங்கோ. கணக்குப் போடுற மூளை ஒன்று. மற்றவரோட கதைக்கிற விதம் இன்னொன்று. ஏமாற்றம் வந்தா தன்னைத் தானே சமாளிக்கிறது மூன்றாவது. முதலாவது 90ல நிக்கிறதைப் பார்த்து மற்ற இரண்டும் அங்கதான் நிக்கும் என்று நாங்களே நினைச்சுக்கொள்ளுறம். பிறகு இல்லை என்று தெரிஞ்சதும் பிள்ளையில கோவிக்கிறம்.

இந்த மூன்றும் ஒரே வேகத்தில வளர்றதில்லை. லோரன்ஸ் ஸ்டைன்பேர்க் என்ற உளவியலாளரும் சேர்ந்தவர்களும் 11 நாடுகளில 10 தொடக்கம் 30 வயது வரையான 5,000 பேருக்கு மேல பரிசோதிச்சு, 2019ல முடிவை வெளியிட்டவை. அமைதியா இருந்து யோசிக்கிற திறன் 16 வயதளவிலேயே பெரிய ஆக்களின்ர மட்டத்துக்கு வந்திடுது. ஆனா உணர்ச்சி கொதிக்கேக்க, கூட்டாளிமார் பார்த்துக்கொண்டு நிக்கேக்க தன்னைக் கட்டுப்படுத்துறது 18ஐத் தாண்டியும் வளர்ந்துகொண்டே இருக்கு. அதால 17 வயதில இணைந்த கணிதம் தண்ணிபட்ட பாடு, 71க்குத் தாளைக் கசக்கிறார் என்றது அதிசயமில்லை. அதுக்காக விட்டிடலாம் என்றும் இல்லை. வளர்ற காலம் என்றால் பழக்கலாம் என்றுதான் அர்த்தம்.

திமிரா வேற ஏதுமா என்று கேட்டியள். என்ட அனுபவத்தில இரண்டு வகை இருக்கு, இரண்டுக்கும் வைத்தியம் வேற. ஒரு வகை, ஒருத்தரும் மறிக்காததால வந்த பழக்கம். மற்றது, "நான்தான் முதலாம் பிள்ளை" என்றதை விட்டா அந்தப் பிள்ளைக்குத் தன்னைப்பற்றிச் சொல்ல வேற ஒன்றும் இல்லாத நிலை.

பிரிச்சுப் பார்க்கிறது இப்பிடி. வேற ஒரு மாணவர் அழகான, குறுகின வழியில ஒரு கணக்கைச் செய்தால் இவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கோ. முதல் வகை வாதாடும், பிறகு "ஓ, நல்லா இருக்கே" என்று தானும் எழுதி எடுக்கும். இரண்டாம் வகை முகத்தை இறுக்கும், அல்லது "அது தற்செயலா வந்தது" என்று சொல்லும். அதோட, தனக்கு வராத விஷயங்களில எப்பிடி இருக்கிறார் என்று பாருங்கோ: கிரிக்கெட், சிங்களத்தில கதைக்கிறது, மேடையில பேசுறது. சுமாராச் செய்தாலும் சந்தோசமாச் செய்கிறாரா, இல்லை முதலாவதா வராத எல்லாத்தையும் அடியோட ஒதுக்கி வைச்சிருக்கிறாரா? நீங்க எழுதினதை வைச்சுப் பார்த்தா, தாளைக் கசக்கினது, திருத்தினவரில பழி போட்டது, வகுப்புக்கு வராம விட்டது மூன்றும் இரண்டாம் வகைப் பக்கம்தான் காட்டுது. நேரில பாராமல் அதுக்கு மேல சொல்ல மாட்டன்.

"இதுகூடத் தெரியாதா" என்றதைப்பற்றியும் ஒன்று. நாங்க அதை அவமதிப்பு என்று மட்டும் எடுக்கிறம். கனக்க நேரத்தில அது உண்மையான வியப்பு. 1999ல குரூகர், டனிங் என்ற உளவியலாளர்கள் கோர்னெல் பல்கலைக்கழக மாணவர்களில செய்த ஆய்வில எல்லாரும் ஞாபகம் வைச்சிருக்கிறது அடிமட்டத்துப் பகுதியை: 100 பேரில 12 பேரைத்தான் முந்தக்கூடியவை, தாங்கள் 62 பேரை முந்துவம் என்று நினைச்சவை. மறுபக்கத்தை ஒருத்தரும் சொல்லுறதில்லை. மேல் கால்வாசியில நின்றவை தங்களுடைய இடத்தைக் குறைச்சு மதிப்பிட்டவை. தங்களுக்குச் சுகமா வந்தது மற்றவைக்கும் சுகமா வந்திருக்கும் என்று நினைச்சதுதான் காரணம். மற்றவர்களுடைய 5 விடைத்தாளைக் கையில குடுத்துத் திருத்தச் சொன்ன பிறகு அந்த மதிப்பீடு திருந்தினது.

இனி வகுப்புக்கு வாங்கோ. கணக்கு எல்லாருக்கும் சுகம் என்று நினைக்கிற பிள்ளை, செய்யாதவனைப் பார்த்து "முயற்சி செய்யிறானில்லை, சோம்பேறி" என்றுதான் முடிவெடுக்கும். இந்தக் கடைசி வரி ஆய்வில இல்லை, நான் பொருத்திப் பார்க்கிறது. ஆனாலும் செய்து பார்க்கக்கூடியது: பெயர் மறைச்ச 5 விடைத்தாளையும் புள்ளித்திட்டத்தையும் அவரிட்ட குடுத்து, புள்ளி போட வேண்டாம், ஒவ்வொருவரும் எந்த வரியில தடக்குப்பட்டவை, அந்த வரியில என்ன நினைச்சிருப்பினம் என்று மட்டும் எழுதச் சொல்லுங்கோ. அதே வகுப்புத் தாள் வேண்டாம், கையெழுத்தைக் கண்டுபிடிச்சிடுவார். முந்தின வருசத் தாள்களைப் பாவியுங்கோ.

---

மாலைவகுப்பு_கொட்டாஞ்சேனை

அவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. ஒருக்கா எல்லாருக்கும் முன்னால, அவரால செய்யவே ஏலாத கணக்கு ஒன்றைக் குடுத்துப் பலகைக்குக் கூப்பிடுங்கோ. அஞ்சு நிமிசம் நின்று முழிக்கட்டும். மூக்கு உடைஞ்சா வாய் தானா அடங்கும். நிறைகுடம் தளும்பாது, இது அரைக்குடம்.

---

இணைந்த_கணிதம்

மேல கொட்டாஞ்சேனைக்காரர் சொன்னதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். கனபேர் செய்கிற வேலை, அதால விளைவும் தெரிஞ்சதுதான். முதலாவது, மற்ற 13 பேரும் சிரிப்பினம். அவர் செய்ததையே இப்ப ஆசிரியர் செய்து காட்டினதா ஆகும். கூடத் தெரிஞ்சவன் குறையத் தெரிஞ்சவனை அவமானப்படுத்தலாம் என்ற சட்டத்தை நீங்களே கையெழுத்து வைச்சுக் குடுக்கிறியள். இரண்டாவது, உளவளத்துணையாளர் சொன்ன இரண்டாம் வகைப் பிள்ளை என்றால் அடுத்த வகுப்புக்கு வராது. வந்தாலும் தெரியாததைத் தெரியாது என்று சொல்லவே சொல்லாது, ஏனென்டால் தெரியாது என்றால் என்ன நடக்கும் என்று கண்டிட்டுது.

கஷ்டமான கணக்குக் குடுக்கத்தான் வேணும், அதில எனக்கு மறுப்பில்லை. ஆனா தனிய, தாளில, "இதுக்கு ஒரு கிழமை எடுக்கலாம், முழுக்க வராட்டியும் எதுவரைக்கும் போனீர் என்று காட்டும்" என்று சொல்லிக் குடுங்கோ. இப்பிடிப்பட்ட பிள்ளைகள் பாஸ் பேப்பரை (முந்தின வருசப் பரீட்சைத் தாள்களை) மனப்பாடமாச் செய்து வருசக்கணக்காத் தோற்காமலே வாறவை. தோற்றுப் பழக ஒரு பாதுகாப்பான இடம் வேணும். ஒலிம்பியாட் வகைக் கணக்குகள் அதுக்கு நல்லம். பாடத்திட்டத்துக்கு வெளியில என்றதால பிழைச்சாலும் மானம் போகாது.

இனி வகுப்பில செய்யிற வேலை. நான் இந்த ஒழுங்கில போவன்.

"சேர் பிழை" விவகாரம்தான் சுகம், அதை முதல்ல முடியுங்கோ. பிழை பிடிக்கிறதை நிற்பாட்டச் சொன்னா நீங்க தோத்தியள். அவர் சரி, நீங்க பயப்படுறியள் என்றுதான் எடுப்பார். பிடிக்கிற விதத்தை மாத்துங்கோ. முழு வகுப்புக்கும் பொதுவா ஒரு வழக்கம் சொல்லுங்கோ: பலகையில பிழை கண்டா வரியைச் சொல்லி, கேள்வியாக் கேட்கோணும். "சேர், மூன்றாவது வரியில குறி மாறினமாதிரி இருக்கு, ஒருக்காப் பாருங்கோ." அவ்வளவுதான். நீங்க பார்த்திட்டு, "ஓம், சய (−) எடுக்கவேணும், சக (+) எடுத்திட்டன்" என்று சாதாரணமாச் சொல்லி அழிச்சு எழுதுங்கோ. முகம் சிவக்கக் கூடாது, நகைச்சுவையும் வேண்டாம், "கெட்டிக்காரன்" என்றும் சொல்ல வேண்டாம். பிழை விட்டவர் எப்பிடி நடந்துகொள்ள வேணும் என்றதை 14 பேரும் பார்க்கிற ஒரே இடம் அந்தப் பலகைதான்.

அடுத்தது "மொக்குக் கேள்வி". இதுக்கு நீண்ட பேச்சு வேண்டாம். அந்த நிமிசமே, குரலை உயர்த்தாமல், "இந்த வகுப்பில அந்தச் சொல் இல்லை" என்று சொல்லிட்டுக் கேள்வி கேட்ட பிள்ளைக்கு விடை சொல்லத் தொடங்குங்கோ. ஒவ்வொரு முறையும், யார் சொன்னாலும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கண்டிச்சா அது சட்டமில்லை, உங்கட மனநிலை என்று பிள்ளைகளுக்கு விளங்கிப் போகும்.

குழு வேலை. இங்கதான் கூடுதலாப் பிழைக்கிறது. "நீ நல்லாச் செய்வாய்தானே, இவைக்குச் சொல்லிக்குடு" என்று விட்டா அவர் பேனையைப் பறிச்சு முழுக்கணக்கையும் தானே செய்து "இவ்வளவுதான்" என்பார். கேட்டவனுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது, மொக்கன் என்ற எண்ணம் இரண்டு பக்கமும் உறுதியாகும். அதால மூன்று கட்டுப்பாடு: இரண்டு பேர் மட்டும், 10 நிமிசம் மட்டும், பேனை கேட்கிறவன்ர கையில மட்டும். சொல்லிக்குடுக்கிறவர் கேள்விதான் கேட்கலாம்.

உதாரணத்துக்கு, தாள் ஒன்றில பகுதி அ முதலாம் வினா, கணிதத் தொகுத்தறிவு. வழமையா எங்க நிக்கும்? எடுகோளை எழுதி, அடுத்த உறுப்பைக் கூட்டின இடத்தில. கஷ்டப்படுற பிள்ளை எல்லா அடைப்பையும் விரிச்சு ஒரு நீட்டு முப்படிக் கோவையை எழுதி வைச்சிட்டு, அதைத் திரும்பக் காரணிப்படுத்த ஏலாமல் முழிக்கும். கெட்டிக்காரருக்கு இரண்டு உறுப்பிலும் பொதுக் காரணி இருக்கிறது பார்த்த உடனேயே தெரியும். விரிக்க வேண்டிய எண்ணமே அவருக்கு வராது. அதால மற்றவன் ஏன் விரிச்சான் என்று விளங்காமல் "இதுகூட..." என்று தொடங்குவார். அந்த இடத்தில அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "விரிக்க முதல், இரண்டு துண்டிலயும் ஒரேமாதிரி என்ன இருக்கு?" மற்றவன் பார்த்து, காரணியை வெளியில எடுத்து, மிச்சத்தை எழுதுவான். அப்ப சொல்லிக்குடுத்தவருக்கும் ஒன்று விளங்கும்: ஆள் மொக்கன் இல்லை, ஒரு பார்வைதான் இல்லாமல் இருந்தது.

முடிஞ்சதும் புள்ளி யாருக்கு? கேட்ட பிள்ளை அதேமாதிரி வேற ஒரு கணக்கைத் தனியச் செய்தால் இருவருக்கும். செய்யாட்டி இருவருக்கும் இல்லை. தனக்குச் சுகமானதை இன்னொருத்தருக்கு விளங்கப்படுத்துறதும் ஒரு கஷ்டமான கணக்கு என்று அப்பதான் எடுப்பார்.

ஒன்று மறக்கக் கூடாது. எல்லா வகுப்பிலும் இதைச் செய்தால் அவர் சம்பளமில்லாத உதவி ஆசிரியர் ஆகிடுவார், அதுவும் அநியாயம். இரண்டு வகுப்புக்கு ஒருக்கா, 10 நிமிசம். மிச்ச நேரம் அவருக்கும் படிக்க உரிமை இருக்கு.

---

தெஹிவளை_உம்மா

பெற்றார் பக்கம் கொஞ்சம் சொல்றன், ஏன்டா எல்லாரும் ஆசிரியரையே பார்த்துக் கதைக்கிறாங்க.

"மூளைசாலிப் பிள்ளை அப்பிடித்தான்" எண்டு சொல்ற வீட்ல போய் "உங்கட மகனுக்குத் திமிர்" எண்டு சொன்னா கதவு மூடிரும். நடந்ததை மட்டும் சொல்லுங்க: இந்தத் திகதி, இந்தச் சொல், மற்றப் பிள்ளை அதுக்குப் பிறகு கேள்வி கேட்கல்ல. பிறகு அவங்களுக்கு வேண்டியதோட சேர்த்துக் கட்டுங்க. கெம்பஸ் போனா முதல் வருசத்துலயே குழுவா வேலை செய்யணும், மொறட்டுவைப் பல்கலைக்கழகம் எண்டா சுத்தி இருக்கிற எல்லாரும் அவங்கட ஸ்கூல்ல முதலாம் பிள்ளை. அங்க போய் முதல் தடவையா நடுவுல நிக்கிறப்போ என்ன செய்வார் எண்டு கேளுங்க. ஹேர்பேர்ட் மார்ஷ் எண்ட உளவியலாளர் 1980கள்ல இருந்து காட்டின விஷயம்தான் இது: அதே திறமை உள்ள பிள்ளை, கெட்டிக்காரங்க நிறைஞ்ச இடத்துக்குப் போனா தன்னப்பத்தி வச்சிருக்கிற மதிப்பு இறங்கும். தரம் 5 புலமைப்பரிசில்ல நல்லாச் செஞ்சு பெரிய ஸ்கூலுக்கு மாறின பிள்ளைங்க 6ஆம் வகுப்புல சோர்ந்து போறதும் இதாலயா இருக்கலாம்.

புகழ்ற விதம். 1998ல முல்லரும் ட்வெக்கும் 5ஆம் வகுப்புப் பிள்ளைங்களை வச்சுச் செஞ்ச ஆய்வுல "நீ கெட்டிக்காரன்" எண்டு புகழப்பட்டவங்க, அடுத்ததாக் குடுத்த கஷ்டமான புதிர்கள்ல விழுந்த பிறகு, சுகமான புதிர்கள்லயும் முன்ன விடக் குறையத்தான் செஞ்சாங்க. தங்கட புள்ளியை இன்னொரு பிள்ளைக்கு எழுதச் சொன்னா ஏறத்தாழ 40 சதவீதம் பேர் கூட்டி எழுதினாங்க. "முயற்சி செஞ்சாய்" எண்டு புகழப்பட்டவங்கள்ல அது ரொம்பக் குறைவு. இதை மந்திரம் மாதிரி எடுக்கவும் வேணாம். பிறகு வந்த பெரிய ஆய்வுகள்ல, "திறமை முயற்சியால வளரும்" எண்டு பழக்குற இந்த வகைப் பயிற்சியால கிடைக்கிற பலன் சின்னது எண்டுதான் தெரிஞ்சிச்சு. ஆனா காசு செலவில்லாத விஷயம். "எங்கட புள்ளைக்கு மூளை" எண்டு சொல்றதுக்குப் பதிலா "ஒம்பதாவது கணக்கை ரெண்டு வழியிலயும் செஞ்சு பார்த்திருக்கீங்களே" எண்டு கண்டதைச் சொல்லுங்க.

இதைவிட எனக்கு முக்கியமாப் படுறது நெதர்லாந்துல 565 பிள்ளைங்களை வச்சு ப்ரமல்மன் குழு 2015ல வெளியிட்டது. 7 தொடக்கம் 11 வயசுப் பிள்ளைங்க. "எங்கட பிள்ளை மற்றப் பிள்ளைங்களை விட உசத்தி" எண்டு நினைக்கிற பெற்றாரோட பிள்ளைங்கள்ல தற்பெருமை கூடிச்சு, தன்மதிப்பு கூடல்ல. பெற்றார் பாசம் காட்டினதால கூடினது தன்மதிப்பு. ரெண்டும் ஒண்டில்ல. பாசத்தைக் குறைக்கச் சொல்லல்ல யாரும், ஒப்பிடுறதைத்தான் நிப்பாட்டணும்.

எங்கட ஊர்ல அது எங்க நடக்குதெண்டா கல்யாண வீட்ல, பெருநாளைக்கு, கனடாவுல இருந்து வாற வட்ஸ்அப் கோல்ல. "வகுப்புல எத்தினையாம் பிள்ளை?" முதல் கேள்வியே அது. பிள்ளை பக்கத்துல நிக்கிறப்போ பதில் சொல்ற ஆள் உம்மா. "நல்லாப் படிக்கிறார், இப்ப பௌதிகவியல்ல அலைகள் பாடம் ஓடுது" எண்டு சொல்லிப் பேச்சை மாத்தப் பழகினாப் போதும். 71 வந்த நாள்ல வீட்ல என்ன நடந்திச்சு எண்டும் மெதுவா விசாரிங்க. திருத்தினவர்ல பழி போடுற பேச்சு சில நேரம் பிள்ளையோடது இல்ல, சாப்பாட்டு மேசையில கேட்டது.

---

விடைத்தாள்_திருத்துறவர்

71 பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அப்படியான புள்ளி வந்த அன்றைக்கே தாளைப் பற்றிக் கதைக்க வேண்டாம். ஒரு நாள் கழித்து, தனியாக, தாளையும் புள்ளித்திட்டத்தையும் பக்கத்தில் வைத்து அவரையே மீண்டும் திருத்தச் சொல்லுங்கள். உங்களுடைய பேனை வேண்டாம். இணைந்த கணிதத்தில் ஒரு தாளின் பகுதி அ-வில் 10 வினா, ஒவ்வொன்றுக்கும் 25, பகுதி ஆ-வில் 7இல் 5, ஒவ்வொன்றுக்கும் 150, மொத்தம் 1000. எனவே 71 என்றால் 290 புள்ளி எங்கேயோ போயிருக்கிறது. எங்கே என்பதுதான் கேள்வி. அவரே ஒரு தாளில் மூன்று நிரல் போடட்டும்: தெரியாமல் போனது, தெரிந்தும் பிழைத்தது, நேரம் போதாமல் விட்டது. ஒவ்வொரு இழப்பையும் ஏதாவது ஒரு நிரலில் எழுத வேண்டும். "திருத்தினவரின் பிழை" என்பதற்கும் நான்காவதாக ஒரு நிரல் கொடுங்கள், மறுக்க வேண்டாம். புள்ளித்திட்டத்தின் எந்த வரிப்படி பிழை என்று காட்டினால் அந்தப் புள்ளி திரும்பக் கிடைக்கும். உண்மையாகவே அவர் பக்கம் நியாயம் இருக்கலாம். இருந்தால் உடனே மாற்றிக் கொடுங்கள். நியாயம் இல்லாவிட்டால் அந்த நிரல் வெறுமையாகவே கிடக்கும், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லத் தேவையில்லை.

கெட்டிக்காரர்களிடம் பெரும்பாலும் நிரம்புவது இரண்டாவது நிரல். படிகளைத் தலைக்குள் செய்துவிட்டு விடையை மட்டும் எழுதுவார்கள். விடை சரியென்றாலும் படிக்குரிய புள்ளி இல்லை. விடை பிழைத்தால் எதுவுமே இல்லை. "எனக்குத் தெரியும், எழுதத் தேவையில்லை" என்ற அதே எண்ணம்தான் வகுப்பில் மற்றவரிடம் வேறு வடிவில் வருகிறது. இங்கே அதற்கு விலை புள்ளியில் தெரிவதால் கேட்பார்கள்.

---

உளவளத்துணை_பம்பலப்பிட்டி

இடையில ஒன்று சேர்க்கிறன். சத்தம் போடுற பிள்ளையைத்தான் எல்லாரும் பார்க்கிறம். அதே 14 பேருக்குள்ள வாயே திறக்காத இன்னொரு கெட்டிக்காரப் பிள்ளை இருக்கலாம், பல நேரம் பெண்பிள்ளை. 92 எடுத்திட்டு, போன 8ஐப்பற்றி இரவிரவா அழும். ஆனா ஒருத்தரையும் மொக்கு என்று சொல்லாது, தன்னைத்தான் சொல்லும். பெயர் "நல்ல பிள்ளை". புள்ளி தவிர வேற தூண் இல்லை என்றதில இரண்டும் ஒன்றுதான். விடைத்தாள் நிரல் வேலையை எல்லாருக்கும் பொதுவாச் செய்யச் சொல்லுறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

திமிர் என்று எடுக்க முதல் இன்னொன்றும். சில பிள்ளைகளுக்கு மற்றவர் முகத்தில வாற மாற்றமே பிடிபடாது. பிழையைப் பிழை என்று சொன்னதில என்ன குறை என்று உண்மையாவே விளங்காது. சின்ன வயசில இருந்தே எல்லா இடத்திலும் அப்பிடி என்றால் அது வேற விஷயம், உரிய மருத்துவரிட்டக் காட்ட வேணும். இங்க இருந்து ஒருத்தரும் பெயர் வைக்க வேண்டாம்.

நித்திரை இல்லை, சாப்பாடு குறைஞ்சிட்டுது, முந்தி விருப்பமாச் செய்ததையும் விட்டிட்டார், "இருந்தென்ன பிரயோசனம்" மாதிரி ஒரு பேச்சு: இதில எதையும் கண்டா பழக்கவழக்கம் திருத்துற வேலையை எல்லாம் ஒதுக்கி வையுங்கோ. சாகிற எண்ணம் இருக்கா என்று நேரடியாக் கேளுங்கோ, பெற்றாருக்கு அன்றைக்கே சொல்லுங்கோ, தேசிய மனநல நிறுவனத்தின் 1926 தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கோ. கேட்டா எண்ணத்தைத் தூண்டிவிடுவம் என்ற பயம் வேண்டாம். கேட்கிறதால அது கூடுறதில்லை.

---

சனிக்கிழமை_வகுப்பு (வெள்ளவத்தை)

எல்லாருக்கும் நன்றி. பேனை கேட்கிறவன்ர கையில என்றது இந்தக் கிழமையே தொடங்கலாம். ஒரு சிக்கல். இப்பிடிச் சொல்லிக்குடுக்கக் கேட்டா அவர் சொல்லப்போற மறுப்பு எனக்குத் தெரியும், முந்தியும் சொன்னவர்: "இவைக்குச் சொல்லிக்குடுத்தா என்ட இசட் புள்ளி குறையும்." கெம்பஸ் அனுமதி அந்தப் புள்ளியிலதானே, இதுக்கு என்ன சொல்லுறது? முழுக்கப் பொய் என்றும் சொல்ல ஏலாதே.

---

இணைந்த_கணிதம்

கணக்குப் பிள்ளைக்குக் கணக்காலதான் பதில். அவரையே செய்யச் சொல்லுங்கோ, நீங்க செய்து காட்டாதேங்கோ.

இசட் புள்ளி என்றால் அவருடைய புள்ளியில இருந்து அந்தப் பாடத்தின்ர சராசரியைக் கழிச்சு, நியம விலகலால பிரிக்கிறது. மூன்று பாடத்துக்கும் எடுத்துச் சராசரி. ஒரு பாடத்துக்கு 20,000 பேர் தோற்றுகினம், நியம விலகல் 20 என்று எடுகோள் வைக்கட்டும். அவர் சொல்லிக்குடுத்து 5 பேருக்கு ஆளுக்கு 20 புள்ளி கூடினால், மொத்தம் 100. அதை 20,000ஆல பிரிச்சா சராசரி 0.005 கூடும். 20ஆல பிரிச்சா அந்தப் பாடத்தில இசட் 0.00025 குறையும். நியம விலகலும் ஒரு துளி அசையும், அதுவும் இதேமாதிரிச் சின்னதுதான். முக்கியமானது அடுத்தது: சராசரி ஏறினதால வாற அந்தக் குறைவு அவருக்கு மட்டும் இல்லை, தோற்றின எல்லாருக்கும் அதே அளவுதான். ஆகவே வரிசை மாறாது. வரிசை மாறுறதுக்கு ஒரே வழி, அந்த 5 பேரில யாராவது அவரையே முந்திப் போறது. அப்பிடி முந்தக்கூடியவை என்றால் அவை மொக்கர் இல்லை என்று அவரே ஒப்புக்கொள்ள வேண்டி வரும்.

மாவட்டக் கோட்டாவைத் தூக்குவார். ஓம், அனுமதியில 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்ட அடிப்படை, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டம். கொழும்பு மாவட்டத்தில அவரும் கூட்டாளிமாரும் ஒரே வரிசைதான், அதை ஒளிக்க வேண்டாம். வெட்டுப்புள்ளிக்கு மிகக் கிட்ட, அவரும் சொல்லிக்குடுத்த பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில நிக்கிற ஒரு நிலைமையில மட்டும் அவர் பயப்படுறது உண்மையாகும். ஆனா 90க்கு மேல எடுக்கிறவருக்கும் 45 எடுக்கிறவருக்கும் நடுவில அந்த நிலைமை வாறது எவ்வளவு தூரம் என்று அவருக்கே விளங்கும். விளங்கப்படுத்தினதால அவருடைய இரண்டாவது நிரல் எவ்வளவு குறைஞ்சிருக்கு என்றதையும் அடுத்த தவணைத் தாளில பார்க்கச் சொல்லுங்கோ. படிகளை ஒழுங்கா எழுதப் பழகுறதுக்கு அதைவிடச் சுகமான வழி இல்லை.

இதை 14 பேருக்கு முன்னால செய்ய வேண்டாம். அவர் திரும்ப வாற நாளில வகுப்பு தொடங்க முதல் அவரைப் பிடியுங்கோ, ஏன் வரேல்ல என்று கேட்காமல் "விட்ட இரண்டு வகுப்பின்ர குறிப்பு இந்தா இருக்கு, தாளைப்பற்றி அடுத்த சனி அரை மணித்தியாலம் முந்தி வந்தால் கதைப்பம்" என்று சொல்லுங்கோ. குறிப்பை வகுப்பில அவர் குறைச்சுப் பேசின பிள்ளை ஒருத்தர்ர கொப்பியில இருந்து படி எடுத்துக் குடுக்கலாமா என்று நினைப்பியள். அது குத்தல், வேண்டாம். உங்கட குறிப்பையே குடுங்கோ.